காமன்.ஹெச்-ல கை வைக்காதே!

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்களுக்கும் புரியற மாதிரி எழுத முயற்சி செய்திருக்கிறேன். கவிதை எதிர்பார்த்து வந்தவர்கள் அடுத்த வாரம் வரவும் :-)

வேலையில சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருத்தர் எனக்கு மூணு அறிவுரை சொன்னார். கேன்டீன்ல சாம்பார் சாதம் சாப்பிடாதே. டேமேஜர் "ஃப்ரீயா இருக்கியா"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. காமன்.ஹெச்-ல கை வைக்காதே. முதல் ரெண்டையும் மீறிப் பட்டுத் தெளிஞ்சேன். மூணாவதை மட்டும் வேதவாக்கா எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா நடந்தேன். எங்க ஆபீஸ்ல சொல்லப்படுற அறிவுரைகளிலேயே மோசமான அறிவுரை அதுதான்னு இப்ப நினைக்கிறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. சி மொழியில பெரிய மென்பொருளை ஒரே ஃபைல்ல எழுத மாட்டாங்க, ஆயிரக்கணக்கான .சி ஃபைல்களா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டல் சமையலறை மாதிரி. உள்ள எப்படி அரைக்கிறாங்கன்னு மத்தவனுக்குத் தெரிய வேண்டாம், என்ன கிடைக்கும்னு தெரிஞ்சா போதும். வாசல்ல சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கற போர்டுதான் ஹெடர் ஃபைல், அதாவது .ஹெச் ஃபைல். அதுல இருக்கறது நமக்கு வேணும்னா நம்ம ஃபைல் தலையில "இன்க்ளூட்"னு ஒரு வரி போடணும். கம்பைலர் அந்த ஹெடரை எழுத்துக்கு எழுத்து காப்பி அடிச்சு அந்த இடத்துல ஒட்டிக்கும். அவ்வளவுதான், வேற புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது. அந்த ஹெடருக்குள்ள பத்து இன்க்ளூட் இருந்தா அதையும் ஒட்டும். அதுக்குள்ள இருக்கறதையும் ஒட்டும். ரெண்டு இட்லி கேட்டுப் போனவன் கையில அந்தத் தெருவுல இருக்கற எல்லா ஓட்டல் போர்டையும் கழட்டிக் கொடுத்த கதைதான்.

இது இன்னைக்கு நேத்து பிரச்சினையும் இல்ல. யூனிக்ஸ் காலத்து ஆளான ராப் பைக் 2012ல கோ மொழியைப் பத்திப் பேசின ஒரு உரையில ரெண்டு கணக்கு சொல்லியிருக்கார். 1984ல யூனிக்ஸோட பிஎஸ் கமாண்டின் சோர்ஸ் ஃபைல் ஒண்ணை கம்பைல் பண்ணினப்போ ஒரே ஒரு சிஸ்டம் ஹெடர் 37 தடவை உள்ளே இழுக்கப்பட்டதாம். 36 தடவை "ஏற்கனவே வந்தாச்சு"ன்னு தூக்கிப் போடப்பட்டது. 2007ல கூகிள்ல ஒரு பெரிய சி++ புரோகிராமை அளந்து பார்த்திருக்காங்க. சுமார் 2000 ஃபைல், மொத்தமா சேர்த்தா 4.2 மெகாபைட். இன்க்ளூட் எல்லாம் விரிஞ்சு முடியும்போது கம்பைலர் வாய்க்குள்ள போனது 8 கிகாபைட்டுக்கு மேல. ஒரு பைட் எழுதினா 2000 பைட் படிக்க வேண்டியிருக்கு. கோ மொழியோட இம்போர்ட் முறையை அப்படி வடிவமைச்சதுக்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம்.

சரி, நம்ம ஆபீஸுக்கு வருவோம். நாங்க பண்றது நெட்வொர்க் பெட்டிக்கான சாஃப்ட்வேர். எனக்கு மூணாவது வருஷம் நடந்த கதை இது.

போர்ட் பத்தின விவரங்களை வச்சிருக்கற ஒரு ஸ்ட்ரக்சர் போர்ட்.ஹெச்-ல இருந்தது. அதுல புதுசா ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டியிருந்தது, வெறும் 4 பைட். கடைசியில போட்டிருக்கலாம். சம்பந்தப்பட்ட ஃபீல்டுக்குப் பக்கத்துல இருந்தா அழகா இருக்குமேன்னு நடுவுல போட்டேன். என் மெஷின்ல முழுசா பில்டு பண்ணி, டெஸ்ட் பண்ணி, செக்-இன் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

எங்க கோடுல ஒரு பழைய டைரக்டரி உண்டு. அதோட மேக் ஃபைல்ல எந்த ஃபைல் எந்த ஹெடரை நம்பியிருக்குன்னு யாரோ ஒரு புண்ணியவான் கையாலேயே எழுதி வச்சுட்டுப் போயிருந்தார். அவர் எழுதினது ஒரே ஒரு ஹெடர்தான், காமன்.ஹெச். அவர் காலத்துல அது சரியாத்தான் இருந்திருக்கும். அப்புறம் காமன்.ஹெச்-க்குள்ள போர்ட்.ஹெச் வந்து உட்கார்ந்தது, இன்னும் அறுபது ஹெடர் வந்து உட்கார்ந்தது. மேக்குக்கு இது எதுவும் தெரியாது. காமன்.ஹெச் மாறலையா, சரி, இந்த டைரக்டரியை மறுபடி கம்பைல் பண்ண வேண்டாம்னு அது பாட்டுக்குத் தாண்டிப் போயிருச்சு. நைட்லி பில்டுல பாதி ஃபைல் புது ஸ்ட்ரக்சரைப் பார்க்குது, இந்த டைரக்டரி மட்டும் பழசைப் பார்க்குது. 24வது பைட்ல இருந்தது 28க்கு நகர்ந்தது ஒருத்தனுக்குத் தெரியும், இன்னொருத்தனுக்குத் தெரியாது. கம்பைலர் ஒண்ணும் சொல்லல, லிங்கரும் வாயைத் திறக்கல.

அதே நாள் எங்க டீம்ல சேர்ந்து நாலு மாசமே ஆன பொண்ணு ஒண்ணு, போர்ட் தகவலைப் படிக்கற சின்ன ஃபங்ஷன் ஒண்ணை செக்-இன் பண்ணியிருந்தா. கிராஷ் ஆனது அவ ஃபங்ஷன்ல. ஸ்டாக் ட்ரேஸ்ல அவ பேருதான். மூணு நாள் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தா. "அண்ணா, நான் எழுதினதே பதினோரு வரி. அதுல எங்க தப்புன்னே தெரியலண்ணா"ன்னு என்கிட்ட வந்து கேட்டா. நானும் பார்த்தேன். எனக்கும் தெரியல. நாலாவது நாள் ஒருத்தர் வந்து "மேக் க்ளீன் போட்டுப் பார்த்தியா"ன்னார். போட்டாங்க. கிராஷ் காணோம். பக் ஷீட்ல "மீண்டும் வரவில்லை"ன்னு எழுதி மூடியாச்சு. ஆனா ரிவ்யூ மீட்டிங்ல "செக்-இன் பண்றதுக்கு முன்னாடி கவனம் வேணும்மா"ன்னு அவளுக்கு எல்லார் முன்னாடியும் ஒரு டோஸ் விழுந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு வேற எதுக்கோ அந்த மேக் ஃபைலைத் திறந்தப்போதான் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. லீட்கிட்ட போய்ச் சொன்னேன். "அது முடிஞ்சு போன கதை, விடுப்பா"ன்னு சிரிச்சார். அவகிட்டயும் சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னா. பரவால்லைன்னு அர்த்தமில்லன்னு தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல. அதுக்கப்புறம் ஒரு வரி மாத்தினாக்கூட முழு க்ளீன் பில்டு போட்டுட்டுத்தான் செக்-இன் பண்ணுவா. அப்ப எங்க பில்டு 40 நிமிஷம். ஹெடர் பக்கமே போக மாட்டா. ஒரு வருஷத்துல டெஸ்டிங் டீமுக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

அதனாலதான் சொல்றேன், ஹெடர் சிக்கலை எல்லாரும் பில்டு நேரப் பிரச்சினையா மட்டும் பேசறது எனக்குப் பிடிக்கல. நேரம் போனாப் போகுது, டீ குடிச்சுட்டு வரலாம். கோடைத் தொடவே ஆள் பயப்படுறான் பாருங்க, அதுதான் நஷ்டம். ஒரு ஹெடரைத் தொட்டா 800 ஃபைல் மறுபடி கம்பைல் ஆகும்னா எவனும் தொட மாட்டான். தப்பான பேர்ல இருக்கற ஃபீல்டு அப்படியே இருக்கும். சரியான இடத்துல புது ஃபங்ஷன் போடறதுக்குப் பதிலா "எக்ஸ்டர்ன்" போட்டுத் தன் .சி ஃபைலுக்குள்ளேயே டிக்ளேர் பண்ணிக்குவான். எங்க கோடுல ஒரே ஃபங்ஷனுக்கு இப்படி நாலு திருட்டு டிக்ளரேஷன் பார்த்திருக்கேன். அதுல ஒண்ணுல ஆர்க்யுமென்ட் எண்ணிக்கையே வேற!

நான் முதல்ல சரி பண்ணினது மேக் ஃபைலை. இதுக்கு ஹெடர்ல கை வைக்கவே வேண்டாம். ஜிசிசிக்கு எம்எம்டின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைக் கொடுத்தா, கம்பைல் பண்ணும்போதே எந்தெந்த ஹெடரைத் தொட்டேன்னு பக்கத்துல ஒரு சின்ன .டி ஃபைல்ல அதுவே எழுதி வச்சிரும். மேக் ஃபைல்ல அதைச் சேர்த்துக்கிட்டா போதும். கையால எழுதின பட்டியலை எல்லாம் அன்னைக்கே அழிச்சுரலாம். கூடவே எம்பின்னு இன்னொரு ஆப்ஷனையும் போடுங்க, இல்லன்னா ஒரு ஹெடரை டெலிட் பண்ணின மறுநாள் மேக் அதைத் தேடி அழும். இதைச் செய்ய எனக்கு ஒன்றரை நாள் ஆச்சு. இந்த ஒன்றரை நாளை யாராவது எங்க டீம்ல ஐந்து வருஷம் முன்னாடி செலவழிச்சிருந்தா மேலே சொன்ன கதையே இல்ல.

செஞ்சு முடிச்சதும் கிடைச்சது பாராட்டுன்னு நினைச்சீங்களா? திட்டுதான். இதுவரைக்கும் பொய் சொல்லி வேகமா ஓடிக்கிட்டிருந்த பில்டு, உண்மை பேச ஆரம்பிச்சதும் நத்தையாயிருச்சு. ஒரு ஹெடரைத் தொட்டா நிஜமாவே எத்தனை ஃபைல் மாறணுமோ அத்தனையும் மாறிச்சு. அன்னைக்குத்தான் எங்க ஹெடர் எல்லாம் எவ்வளவு பின்னிப் பிணைஞ்சு கிடக்குன்னு எல்லாருக்கும் கண்ணுல தெரிஞ்சது.

உடனே ஒரு கோஷ்டி "பெரிய மெஷின் வாங்கிக் கொடுங்க"ன்னு கிளம்பிச்சு. இன்னொரு கோஷ்டி சிகேஷ் போடலாம்னாங்க. ரெண்டும் நல்லதுதான், ரெண்டும் போட்டோம். ஆனா சிகேஷ் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ஏற்கனவே கம்பைல் பண்ணின அதே சரக்கு மறுபடி வந்தா பழைய ரிசல்ட்டை எடுத்துக் கொடுக்கும். எல்லாரும் இன்க்ளூட் பண்ற ஹெடர்ல ஒரு ஃபீல்டு சேர்த்தா எல்லா ஃபைலுக்கும் சரக்கு மாறிப் போகுதே, அங்க சிகேஷ் கையை விரிச்சிரும். நோய் இருக்கற இடத்துலதான் மருந்து வேலை செய்யல.

அடுத்தது வந்தது புரட்சிக் கோஷ்டி. "மொத்த ஹெடரையும் தூக்கிப் போட்டுட்டு ஒரே ரிலீஸ்ல புதுசா எழுதுவோம்." இவங்களுக்கு நான் காட்டறது லினக்ஸ் கெர்னல் கதை. இங்கோ மோல்னார்னு கெர்னல் உலகத்துல பெரிய கை. 2020 கடைசியில கெர்னல் ஹெடர்களைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தார். 2022 ஜனவரியில அவர் வெளியிட்டப்போ மொத்தம் 2297 கமிட். கெர்னல் பில்டு வேகம் 50லிருந்து 80 சதவீதம் கூடுதுன்னு அளந்து காட்டினார். அசுர உழைப்பு, சந்தேகமே இல்ல. ஆனா கெர்னலோட பாதிக்கு மேல சோர்ஸ் ஃபைல்களைத் தொடற 2297 கமிட்டை யார் உட்கார்ந்து ரிவ்யூ பண்றது? அந்தத் தொகுப்பு மொத்தமா கெர்னலுக்குள்ள போகல, ஷெட்யூலர் ஹெடர் மாதிரி சில பகுதிகள்தான் போச்சு. அப்புறம் 2024 ஜனவரியில கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் அதைவிட ரொம்பச் சின்னதா ஒரு ஹெடர் சுத்தம் கொண்டுவந்தார். ஷெட்.ஹெச் தேவையில்லாம இழுத்துக்கிட்டிருந்த ஹெடர்களைக் கழட்டறதுதான் அதோட முக்கிய வேலை. அது 6.8ல உள்ளே போயிருச்சு. இங்கோவே 2017ல இதே ஷெட்.ஹெச்சைப் பல ஹெடரா உடைச்சிருக்கார், அதுவும் 4.11ல உள்ளே போச்சு. கெர்னல்ல இருக்கற ஜாம்பவான்களுக்கே இந்த நிலைமைன்னா, நாம எந்த மூலைக்கு?

கெர்னல்ல இருந்து நான் கத்துக்கிட்ட இன்னொரு விஷயம் இருக்கு, அது சூப்பர். கெர்னலோட ஆயிரக்கணக்கான ஆப்ஷன்களும் ஒரே ஹெடர்ல இருக்கு, எல்லா ஃபைலும் அதை இன்க்ளூட் பண்ணுது. நியாயமாப் பார்த்தா ஒரு ஆப்ஷனை மாத்தினா மொத்தக் கெர்னலும் மறுபடி கம்பைல் ஆகணும். ஆகாது. ஃபிக்ஸ்டெப்னு ஒரு குட்டி புரோகிராம் ஒவ்வொரு ஃபைலும் நிஜமா எந்த ஆப்ஷன் பேரைப் பயன்படுத்துதுன்னு படிச்சுப் பார்த்து, அந்த ஆப்ஷன் மாறினா மட்டும் இந்த ஃபைலைக் கம்பைல் பண்ணுன்னு டிபென்டன்சியை மாத்தி எழுதிரும். கண்ட ஹெடரையும் இழுக்கறதை விட, உண்மையில எதைப் பயன்படுத்துறோம்னு கேட்கறதுதான் சரியான கேள்விங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

இப்ப நான் காமன்.ஹெச்-ல கை வச்சுக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு இன்க்ளூட் வரி, அவ்வளவுதான். ஜிசிசிக்கு ஹெச் ஆப்ஷன் கொடுத்தா எந்த ஹெடர் எதுக்குள்ளேருந்து வந்ததுன்னு புள்ளி வச்சுக் காட்டும். ஒரு புள்ளின்னா நேரடியா வந்தது, அஞ்சு புள்ளின்னா அஞ்சு வீடு தள்ளி வந்தது. அதைப் பார்த்துட்டு ஒரு வரியை எடுப்பேன். எடுத்ததும் சம்பந்தமே இல்லாத முப்பது ஃபைல் கத்தும். இவங்க எல்லாம் சொந்தமா இன்க்ளூட் போடாம பக்கத்து வீட்டு வைஃபைல ஓட்டிக்கிட்டிருந்தவங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கனெக்ஷன் வாங்கிக் கொடுத்துட்டு அடுத்த வாரம் அடுத்த வரி.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. கத்தினா நல்லது, கத்தாமப் போனாத்தான் ஆபத்து. பழைய சி-யில ஹெடர் இல்லாம ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா கம்பைலர் "இன்ட் திருப்பும் போல"ன்னு தானா முடிவு பண்ணிக்கும். மாலாக்கை அப்படிக் கூப்பிட்டா 64 பிட் மெஷின்ல பாயின்டரோட மேல்பாதி வெட்டுப்பட்டுப் போக வாய்ப்பிருக்கு. 1999 ஸ்டாண்டர்டுலேயே இந்தச் சலுகையை எடுத்துட்டாங்க, ஆனாலும் ஜிசிசி ரொம்ப காலம் வெறும் வார்னிங்கோட விட்டுக்கிட்டிருந்தது. 2024ல வந்த ஜிசிசி 14லதான் எரர் ஆக்கினாங்க. பழைய கம்பைலர் வச்சிருக்கறவங்க அந்த வார்னிங்கை முதல்ல எரரா மாத்திட்டு அப்புறம் ஹெடர் பக்கம் வாங்க. கூடவே எல்லா பிளாட்ஃபார்முக்கும் பில்டு பண்ணிப் பாருங்க. ஒரு பிராசசருக்கு இன்னொரு ஹெடர் வழியா வந்து சேர்றது இன்னொரு பிராசசருக்கு வராது.

ரொம்ப உதவறது ஃபார்வர்டு டிக்ளரேஷன். "இந்தப் பேர்ல ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு கேட்காதே"ன்னு ஒரே வரி. வெறும் பாயின்டரா வாங்கிக் கொடுக்கறதுக்கு அது போதும், முழு ஹெடர் வேண்டாம். உள்ளே கை விடும்போதோ, சைஸ் தெரியணும்னாலோதான் முழு விவரம் வேணும். எங்க ஹெடர்கள்ல இருந்த இன்க்ளூட்ல பாதி, ஒரு பாயின்டருக்காகப் போடப்பட்டது. பொண்ணு பேரு தெரியணும்னு ஜாதகம், பத்திரம், பாஸ்புக் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்ட மாதிரி. இதுக்குக் குறுக்கே நின்னது டைப்டெஃப். ஒரே டைப்டெஃபை ரெண்டு இடத்துல எழுதறதை 2011 ஸ்டாண்டர்டுக்கு முன்னாடி சி அனுமதிக்காது. அதனால டைப்டெஃப் பேர் வேணும்னா அந்த ஹெடரையே இழுத்தாகணும். ஸ்ட்ரக்சரை டைப்டெஃபுக்குள்ள ஒளிச்சு வைக்காதேன்னு லினக்ஸ் கெர்னல் ஆளுங்க சொல்றப்போ ஏதோ பழைய ஆளுங்க பிடிவாதம்னு நினைச்சிருந்தேன். அவங்க சொல்ற காரணம் வேற, கோடைப் படிக்கறவனுக்குப் புரியணும்ங்கறது. எனக்கு இந்தக் காரணமே போதும்.

ராப் பைக்கோட ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு ஒத்துப் போகல. 1989ல எழுதின சி நிரலாக்கக் குறிப்புகள்ல, ஹெடருக்குள்ள ஹெடரை இன்க்ளூட் பண்ணவே கூடாதுன்னு சொல்றார். பிளான் 9 சிஸ்டத்துல அப்படியே செய்தும் காட்டினாங்க. சின்ன, ஒழுக்கமான டீமுக்கு அது சரி. எங்களை மாதிரி மூணு ஊர்ல உட்கார்ந்திருக்கற நூறு பேருக்கு, எந்த ஹெடருக்கு முன்னாடி எதைப் போடணும்னு வரிசையை மனப்பாடம் பண்ணச் சொன்னா நடக்காது. ஹெடர் தன் காலிலேயே நிக்கணும், தனக்கு வேணுங்கறதைத் தானே இழுத்துக்கணும். ஆனா வேணுங்கறதை மட்டும். இதைச் சோதிக்க சுலபமான வழி, ஒவ்வொரு .சி ஃபைலும் தன் சொந்த ஹெடரை முதல் வரியா இன்க்ளூட் பண்றது. ஹெடர்ல ஏதாவது குறைஞ்சா அங்கேயே மாட்டிக்கும்.

இப்படியே ஒவ்வொரு வெள்ளியும் போய், காமன்.ஹெச்-ல 61 இன்க்ளூட் இருந்தது 19க்கு வந்திருக்கு. மிச்சத்துல ஒண்ணுதான் தொண்டையில சிக்கின மீன் முள். எல்லா டீமும் அனுப்பற எல்லா மெசேஜுக்கும் நம்பர் கொடுக்கற ஒரே ஒரு பெரிய ஈனம். யார் புது மெசேஜ் சேர்த்தாலும் மொத்த ஊரும் மறுபடி கம்பைல் ஆகும். வாரத்துக்கு நாலு தடவையாவது யாராவது சேர்க்கறாங்க. டீமுக்கு ஒரு நம்பர் ரேஞ்சும் தனி ஹெடரும் கொடுத்துட்டா முடிஞ்சது, கோடு ரெடியா வச்சிருக்கேன். ஆனா அந்த ஃபைலுக்குச் சொந்தக்கார டீம் லீட் "பன்னிரண்டு வருஷமா இப்படித்தானே ஓடுது"ன்னு நிக்கறார்.

போன வாரம் அதே பொண்ணு டெஸ்டிங் டீம்ல இருந்து பிங் பண்ணினா. "அண்ணா, இப்பல்லாம் ஹெடர் மாத்தினா க்ளீன் பில்டு போட வேண்டாமாமே, நிஜமா?"ன்னு. நிஜம்தான்மான்னேன். "எதுக்கும் போட்டுக்கறேண்ணா"ன்னா. திங்கட்கிழமை அந்த ஈனம் லீடோட மீட்டிங். அன்புள்ள பதிவர்களே, இந்த மாதிரி ஆளுங்களை மடக்கின அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பிரியாணி ஐடியா ஏற்கனவே கைவசம் இருக்கு, அவர் சைவமாம்.